கெலிஓயா நெருப்புப்பெட்டி

என்னுடைய கலியாண விருந்தில், பாக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்த அவரும் வேறு ஐந்து பேரும் ஒரு சஹனை, பெரிய விருந்துத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பிஸ்மி சொல்லிக் கை வைக்கப் போகும் நேரத்தில் அவர் மட்டும் சஹனின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கம் தூக்கினார். சோறு மறுபக்கம் சரிந்தது. எதிரே இருந்த என் சாச்சா இறைச்சியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நானா தேடுறீங்க? கீழ ஒண்டும் ஒளிச்சு வெக்கல்ல."

"எந்த ஊர்ச் சாமான்டு பாக்குறேன்." குனிந்து அடிப்பக்கத்தைப் படித்தார். "ஜப்பான். சரி, கப்பல் வரல்லண்டா எதுல திம்பீங்க?"

"கையில வெச்சுத் திம்போம். நீங்க முதல்ல அதக் கீழ வைங்க, சோறு ஆறுது."

அவர் சிரித்துக்கொண்டே சஹனைக் கீழே வைத்தார். தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளைச் சாச்சாவின் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவு நல்ல மனிதர். அந்த மனிதரா என்று இத்தனை வருஷம் கழித்தும் கேட்டுக்கொள்கிறேன்.

கண்டியில் அப்போது என்னைப்போலக் கடை வைத்திருந்தவர்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியுமாக, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கக்கத்தில் ஒரு குடையோடு வருவார். கடைக்குள் ஏறியதும் எதையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். கோப்பை, பூட்டு, ஊசிப் பக்கெட், எதுவானாலும் சரி. பிறகு அந்த ஒரே கேள்விதான். கப்பல் வரல்லண்டா? சவரம் செய்துகொள்ள உட்கார்ந்த இடத்திலும் அவரால் சும்மா இருக்க முடியாது.

"இந்தக் கத்தி ஜெர்மனிதானே? கப்பல் வரல்லண்டா ஊரெல்லாம் தாடி வெக்கணும்."

சவரக்காரர் இந்தியாவிலிருந்து வந்த பெரியவர். கத்தியை அவருடைய தொண்டையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "உங்க ஆளுகளுக்கு அது நல்லதுதானே மொதலாளி. என் பொழப்புதான் போகும். கொஞ்சம் ஆடாம இருங்க, இல்லேன்னா கப்பல் வந்தும் பிரயோசனம் இருக்காது."

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கம்பளையில் அவருக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த ஒருவர்தான் எனக்கு அதைச் சொன்னார். முதல் உலகச் சண்டைக் காலத்தில் கப்பல் குறைந்து, கடைகளில் நெருப்புப்பெட்டி இல்லாமற்போன நாட்கள் இருந்தனவாம். அடைமழை மாலையொன்றில் அவருடைய முதல் மனைவிக்குப் பிரசவ வலி. காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. நாலு வீடு தள்ளிப்போய்ச் சிரட்டையில் தணல் எடுத்து வந்தார். வழியிலேயே மழையில் அது அணைந்து நூர்ந்தது. திரும்பவும் ஓடினார். அதுவும் நூர்ந்தது. மூன்றாவது முறை தணலோடு வாசலுக்கு வந்தபோது மருத்துவிச்சி வெளியே வந்து நின்றாள். வெளிச்சம் இருந்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்களா என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

இதைக் கேட்ட பிறகு அவருடைய கேள்விக்கு நான் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைப் பேர் வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் தன் பாக்கு வியாபாரத்தை விற்றுவிட்டு, கெலிஓயாவில் ஆற்றோரமாக ஒரு தகரக் கொட்டில் போட்டு நெருப்புப்பெட்டி செய்யத் தொடங்கினார். மேலட்டையில் கமுகமரப் படம். தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்கள் என்று நாற்பது பேர் அங்கே குச்சி அடுக்கினார்கள். கணவனை இழந்த எங்கள் பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டும் வேலை கொடுத்தார். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் அதனால்தான் அடுப்பு எரிந்தது. இதை மறைத்தால் எனக்குப் பாவம்.

ஆனால் சீமைப் பெட்டி அவருடைய பெட்டியைவிட மலிவு, அவருடையதைவிட நல்லது. யார் இதை வாங்குவார்கள்? அவர் கொழும்புக்குப் போய் அரசாங்க சபை அங்கத்தவர்களின் வாசற்படிகளில் மனுவோடு காத்து நின்றார். அவரைப்போல வேறு ஊர்க்காரர்களும் நின்றிருப்பார்கள். கடைசியில் வெளிநாட்டு நெருப்புப்பெட்டிக்குத் தீர்வை கூட்டினார்கள். முன்பு மூன்று பெட்டி வாங்கிய காசுக்குச் சீமைப் பெட்டி ஒன்றுதான் என்றாகிவிட்டது.

அன்றைக்கு அவர் ஒரு பெரிய தட்டத்தில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார்.

"தின்னுங்க தம்பி. இது பெட்டிக்கு அடிச்ச வரி இல்ல, நாட்டுக்குக் கட்டின வேலி. இனி சண்டை வரட்டும், கப்பல் நிக்கட்டும், எங்கட ஊட்டு விளக்கு நூராது."

"வேலி சரி நானா," என்றேன் வாயில் இனிப்போடு. "உள்ள பயிர் எப்படி?"

"பயிர் வளரும். வேலி ஈக்கிதானே."

அந்த வருஷ மழையில் பயிரின் நிலை தெரிந்தது. கண்டியின் ஆனி ஆடித் தூறலில் உப்பே தண்ணீராகிறது, குச்சி எம்மாத்திரம்? ஒரு தோட்டத்துப் பெண் என் கடைக்கு வந்து பெட்டியை மேசையில் வைத்தாள்.

"ஐயா, பத்துக் குச்சி உரசுனா ஒண்ணுதான் பத்துது. மிச்சத்தையெல்லாம் பல்லு குத்த வச்சிருக்கோம். வேற பெட்டி இருந்தா குடுங்க."

வேறு பெட்டி இருந்தது. அதன் விலையைச் சொன்னேன். அவள் கொண்டுவந்த பெட்டியையே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

இந்தப் பேச்சு அவருடைய காதுக்கும் போனது. அடுத்த மாதம் வந்த பெட்டிகளில் குச்சித் தலை பெரிதாக இருந்தது. மருந்துக் கலவையைக் கூட்டியிருந்தார். இப்போது ஈரக் கையால் உரசினாலும் பற்றியது. ஆனால் பற்றும்போதே தலை கழன்று பறந்தது. என் கடையில் ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தபோது நெருப்புத் தலை போய்ச் சாக்கில் விழுந்து புகைந்தது. நான் அவரிடம் சொன்னேன்.

"நானா, தல பறக்குது."

"புது ஆள்தானே தம்பி, கொஞ்சம் துள்ளுவான்."

"கலவையக் கொறச்சு, நல்லாக் காய வெச்சுக் குடுத்தா?"

"வெயில் எங்க ஈக்கி, காய வெக்க? சூட்டறை கட்டணும். அதுக்குக் காசு வேணும், காலம் வேணும்." குடையை ஊன்றி எழுந்தார். பிறகு, வானம் மூடியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "வேற எத வாங்கப் போறாங்க?"

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த நாள் அவருடைய வண்டி வந்தபோது வழக்கம்போல இறக்கி அடுக்கினேன். நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்.

கொஞ்ச நாளில், அந்தத் தீர்வையை நீடிக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து இரண்டு துரைமார் கெலிஓயாவுக்கு வந்தார்கள். கடைக்காரர் ஒருவரிடமும் கேட்க வேண்டும் என்றார்களாம். அவர் என்னைக் கூட்டிப்போனார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தலை நிமிராமல் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவளின் விரல்களில் கறுத்த தழும்புகள். மொழிபெயர்க்க வந்த மஹத்தயா, ஒரு சிங்களக் கனவான், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தப் பெட்டியைப் பற்றி ஜனங்கள் குறை சொல்கிறார்களா?"

நானா என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசைப் பெண் மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தீர்வை போனால் அவளுடைய வேலையும் போகும்.

"நல்ல சாமான் சேர்," என்றேன். "குறை ஒண்டும் இல்ல."

துரை எழுதிக்கொண்டார். அவர்கள் போனதும் அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு டசின் பெட்டி சுற்றிய கட்டு ஒன்றை என் கையில் வைத்து, "இது தங்கச்சிக்கு. ஊட்டுக்குக் கொண்டு போங்க," என்றார். வீட்டுக்கு வந்து, துரைமார் முன்னால் நான் பேசியதைப் பெருமையாக மனைவியிடம் சொன்னேன். கட்டை அவளிடம் கொடுத்தேன்.

அந்தக் கட்டில் மூன்றாவது பெட்டியோ நான்காவதோ. மஃரிபுக்கு விளக்கு ஏற்றும் நேரம். நான் கை கால் கழுவி வுளூச் செய்துவிட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பிஸ்மி சொன்னது கேட்டது. குச்சி உரசிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதிரை நகர்ந்த சத்தம். திரும்பிப் பார்த்தேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை.

"என்ன?"

"ஒண்டும் இல்ல. ஒரு பொறி பட்டது. ஜமாஅத் தொழுக தப்பிடும், நீங்க போங்க."

நான் போனேன். தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தக் கண் எலுமிச்சம்பழம்போல வீங்கி மூடிக் கிடந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அந்தக் கண் திரும்ப வெளிச்சம் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் ஒவ்வொரு ஞாயிறும் ரயிலேறி வந்தார். தோடம்பழம் கொண்டுவருவார். வராந்தாவில் நின்று குழந்தைபோல அழுவார்.

"கத்ர் தம்பி. அல்லாஹ் எழுதின கத்ர். நாங்க என்ன செய்ய?"

நான் அவருடைய முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன். இவரைப்போல ஒரு மனிதர் உண்டா என்று மனைவியிடமும் சொன்னேன். அவள் கண்ணில் கட்டோடு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் கெலிஓயாவில் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டிலில் இருந்தார்; ஆள் அனுப்பினார்கள். அவருடைய இரண்டாம் மனைவி, எனக்கு மதினி முறை, கதவுக்குப் பின்னால் நின்று சுகம் விசாரித்தார். சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் என் காலடியில் விளையாடினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்காரப் பெண் வந்து அலுமாரி மேலிருந்த பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றிவிட்டுப் போனாள். குச்சி சத்தமில்லாமல், பூப்போலப் பற்றியது. பெட்டியைப் பார்த்தேன். சீமைப் பெட்டி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மதினி, முதலாளிட ஊட்டுலயே சீமைப் பெட்டியா? நானா கண்டா சஹனத் தூக்கின மாதிரி அலுமாரியத் தூக்குவாரே."

மதினியும் கதவுக்குப் பின்னால் சிரித்தார். "அவர்தான் கொழும்புல இருந்து கொண்டுவாற. எங்கட பெட்டிய ஊட்டுக்குள்ள எடுக்க விட மாட்டார். சின்னப் புள்ளைகள் ஈக்காங்கதானே."

என் காலடியில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தேன்.

"எவ்வளவு காலமா மதினி?"

"நோன்புப் பெருநாளைக்கி முந்தியே. ஏன் தம்பி?"

நோன்புப் பெருநாளுக்கு முன்பு. துரைமார் வந்தது பெருநாளுக்குப் பிறகு. அந்தக் கட்டை அவர் என் கையில் வைத்ததும் பெருநாளுக்குப் பிறகு. தேநீர் வந்தது. நான் அதைத் தொடவில்லை. அவர் குடையோடு படியேறி வருவதைக் கண்டு, மறுபக்கத்தால் இறங்கி மழையில் நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்தப் புள்ளைகள் நல்லா ஈக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. அதைச் சொன்னேன், அவ்வளவுதான். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. மதினி சொல்லியிருப்பார். அவர் சூட்டறை கட்டினார், கலவையைக் குறைத்தார். கமுகமரப் பெட்டி நல்ல பெட்டியாயிற்று. இரண்டு வருஷத்தில் தலை பறப்பது நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சூட்டறையின் புகைபோக்கி ரயிலில் போகும்போது தெரியும். அதைக் காணும்போதெல்லாம், இது முதலிலேயே முடிந்திருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். வேலி உயரமாக இருந்ததால் அவருக்கு அவசரமில்லாமல் போயிற்று.

முப்பதுகளின் கடைசியில் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். ஓர் அடியாருக்கு, அதாவது சக மனிதருக்கு, செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். கஃபாவின் திரையைப் பிடித்து அழுதாலும் அதற்கு ஈடாகாது. புறப்படுகிற அன்று பகல், இரண்டு பெரியவர்களோடு அவர் என் வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. உள் அறையின் திரையைப் பார்த்து நின்றார்.

"தங்கச்சி, ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாச்சும் பிழை செஞ்சீந்தா அல்லாஹ்க்காக மன்னிச்சிக்கொள்ளுங்க."

இதற்கு எல்லா வீட்டிலும் உடனே ஒரே பதில்தான். மன்னித்தோம், எங்களுக்காகவும் துஆக் கேளுங்கள். பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"நானா, தெரிஞ்சா, தெரியாமலா?"

நான் திரையின் பக்கம் திரும்பினேன்.

"அது கேக்கிற முறை மகள்," என்றார் பெரியவர். "எல்லாரும் அப்படித்தான் கேக்கிற. ரெயிலுக்கு நேரமாகுது."

"தெரியும் காக்கா. தெரியாமச் செஞ்சத நான் அண்டைக்கே மன்னிச்சிட்டேன். மத்தது ஈக்கிதெண்டா அத அவர்தான் வாயால செல்லணும். செல்லாத ஒண்ட நான் எப்படி மன்னிக்கிற?"

அவர் சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தார். கூட வந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள். அவர் திரைக்குக் கிட்டப் போய், பள்ளியில் இமாமுக்குப் பின்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் தங்கச்சி," என்றார். "தல பறக்கும்டு தெரியும். ஒங்கட ஊட்டுக்கு அந்தக் கட்டக் குடுக்கக்குள்ளயும் தெரியும்."

"மன்னிச்சேன்," என்றாள் அவள், ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்காமல். "ஹஜ்ஜுக்குப் பெய்த்து வாங்க. எனக்கும் துஆக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார். எனக்கு மனம் இளகிவிட்டது. கையைப் பிடித்து, "நானும் மன்னிச்சேன் நானா," என்றேன். படி வரைக்கும் போய் வழியனுப்பினேன். மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தேன்.

திரை விலகியது. அவள் வந்து எதிரே நின்றாள். அவர் போனதும் அழுதிருப்பாள் என்று நினைத்தேன், முகம் காய்ந்திருந்தது.

"நீங்க எத மன்னிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அவர் செஞ்சதத்தான்," என்றேன்.

"அந்தத் துரைமாருக்கிட்ட, நல்ல சாமான், குறை ஒண்டும் இல்லண்டு செல்லக்குள்ள, ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஐந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். என் சட்டையைத் தோய்த்திருக்கிறாள். அவரைப்பற்றி நான் பொரிந்து தள்ளியபோதெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள்.

அவர் ரயிலுக்குப் போகவேண்டியவர். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். நான் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவளும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாங்கு முடிந்த பிறகுதான் "தெரியும்" என்றேன்.